சார்ஜ் போட மறந்தவர்

ஒரு மிளகாய்த்தூள் பாக்கெட்டுக்கே மூன்று கடை ஏறி இறங்குகிற மனிதர் மருதப்பன். அவர் சைக்கிளுக்குப் பின்விளக்கு வாங்கப் புறப்பட்டால் கேட்கவா வேண்டும்? இரண்டு வாரம் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்து, எத்தனை லூமன் வெளிச்சம், எத்தனை மணி நேரம் எரியும், மழை தாங்குமா என்று படித்துத் தள்ளினார். வேலைக்காக எடுத்த, பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் லைசென்ஸுக்குக்கூட மனிதர் இவ்வளவு படித்ததில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. மார்சிலிங் வீட்டிலிருந்து சுங்கை காடுட் மரக்கிடங்குக்குக் காலை ஆறு மணிக்குள் போயாக வேண்டும். அந்த ஊரில் ஏழு மணிக்குத்தான் விடியும். பஸ்ஸை நம்பினால் தாமதமாகிவிடும் என்று பதினோரு வருடமாகச் சைக்கிளில்தான் போய்வந்தார். அந்த மாதம் ஒரு லாரி அவர் முழங்கையை உரசிக்கொண்டு போனது. சிராய்ப்பைப் பார்த்ததும் மனைவி கண்மணி அழுதுவிட்டாள்.

"நல்ல லைட்டா வாங்கி மாட்டுங்க. நீங்க வீடு வந்து சேர்ற வரைக்கும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்க என்னால முடியாது."

தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஃபாரூக்கை அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் படாத பாடு படுத்தினார்.

"இது நூறு லூமன்ஸ் அண்ணே. பகல்லயே கண்ணு கூசும்லா."

"அது கம்பெனிக்காரன் சொல்றது தம்பி. நீ புடிச்சுக்கிட்டு நில்லு, நான் பாக்குறேன்."

ஃபாரூக் வாசலில் விளக்கைப் பிடித்து நிற்க, மருதப்பன் கடைவரிசையின் கோடி வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். லாரிக்காரன் உட்காரும் உயரத்திலிருந்து தெரிகிறதா என்று ஸ்டூல் வேறு கேட்டு வாங்கி ஏறி நின்றார். நான்காவது விளக்குதான் தேறியது. கட்டைவிரல் அகலம்தான், ஆனால் பக்கவாட்டிலும் சுள்ளென்று தெரிந்தது. போன் சார்ஜரே அதற்கும் போதும். கொடுத்த பணம் அதிகம் என்று முதல் முறையாக அவர் முணுமுணுக்கவில்லை.

வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் சாமி முன்னால் வைத்துப் பொட்டு வைத்த பிறகுதான் தொட வேண்டும் என்பது கண்மணியின் சட்டம். வாஷிங் மெஷினுக்கும் வைத்தாள், மகளின் லேப்டாப்புக்கும் வைத்தாள். விளக்குக்கு மட்டும் விடுவாளா? பயம் அதிகம் என்பதால் சந்தனமும் அதிகம். குழைத்து அதன் முகம் முழுக்க அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக் கண்மூடிக் கும்பிட்டாள்.

மருதப்பன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். துடைக்க விரல்கூட நீண்டது. ஆனால் அவள் அப்படிக் கும்பிட்டு வைத்ததை அழிக்க மனம் வரவில்லை. காய்ந்து தானாக உதிரட்டும் என்று அப்படியே மாட்டிவிட்டார். மறுநாள் பொத்தானை அழுத்தியதும் ஓரத்தில் சிவப்பாகத் தெரிந்தது. எரிகிறது என்ற நிம்மதியில் ஏறி மிதித்தார். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தவரின் புத்தி அப்போது எங்கே போனதோ!

மூன்றாம் நாள் விடியுமுன் ஒரு வேன் பின்னாலிருந்து அடித்துத் தூக்கியது.

ஆஸ்பத்திரியில் வலது கால் முழுக்கக் கட்டு. விசாரிக்க வந்த போலீஸ்காரர், பின்னால் வெளிச்சமே தெரியவில்லை என்று டிரைவர் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். மருதப்பனின் சாமான்கள் இருந்த பையில் விளக்கும் கிடந்தது. எடுத்து அழுத்தினார். சிமெண்டாக இறுகியிருந்த சந்தனத்தைச் சுற்றி நூலளவு சிவப்பு. அவ்வளவுதான்.

அவருக்குக் கண்மணி மேல் ஆத்திரம் பொங்கியது. அதைவிடத் தன் மேல் பொங்கியது. அவள் ஆஸ்பத்திரிக்குக் கீழே வந்துவிட்டதாக மகளிடமிருந்து செய்தி வந்தது. அவசர அவசரமாகச் சந்தனத்தை நகத்தால் சுரண்டிப் போர்வையில் துடைத்தார்.

"அவ்வளவு நல்ல லைட்டு வாங்கினீங்களே, என்னங்க ஆச்சு?"

"சார்ஜ் போட மறந்துட்டேன்."

பாவி மனிதருக்கு வேறு பொய்யா கிடைக்கவில்லை? அன்று ஆரம்பித்த ஏச்சு, இதோ இரண்டு வருடம். முட்டி மடங்காத காலோடு ஃபோர்க்லிஃப்டில் ஏற முடியாது என்று வேலை போயிற்று. கண்மணி ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போகிறாள். உறவுக்காரர்கள் யார் வந்தாலும் தேநீரோடு அந்தக் கதையும் வரும். "பாத்துப் பாத்து வாங்கத் தெரிஞ்சவருக்கு ஒயரைச் சொருகத் தெரியல." எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரித்து வைப்பார், உள்ளுக்குள் பற்றி எரியும்.

போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தவள், வெடிப்பு விட்ட கைகளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்க, உங்க மறதிக்கு என் கை படுற பாட்டை."

அவருக்குப் பொறுமை அறுந்தது. "கண்மணி, அன்னைக்கு அந்த லைட்டுல நீ..."

"ஆமா, நான்தான்" என்றாள் அவள். குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "நான் சந்தனம் வச்சுக் கும்பிட்டதாலதான் உங்க உயிராவது திரும்பி வந்துச்சு. அது ஒண்ணை நெனச்சுத்தான் தினமும் எந்திரிச்சு வேலைக்குப் போறேன்."

மருதப்பன் வெடிப்பு விட்ட அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல" என்றார். "சார்ஜ் போட்டிருக்கணும்."