சின்ன இன்ஜின் போதும்

"எவ்வளவு சி.சி.?" என்ற ஒரே கேள்வியில் வண்டியை எடைபோடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். சி.சி. என்பது சிலிண்டருக்குள் இருக்கும் இடத்தின் அளவு, அவ்வளவுதான். அந்த இடத்தில் எவ்வளவு எரிகிறது, நிமிடத்துக்கு எத்தனை முறை எரிகிறது என்பதைப் பொறுத்துத்தான் குதிரைத்திறன் அமையும். வடக்கே ரஞ்சன்காவ் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில், இன்ஜினைச் சோதனை மேடையில் பூட்டி ஓடவிட்டு அதன் திறனை அளப்பது என் வேலை. சின்ன இன்ஜின் பெரியதை மிஞ்சுவதை அங்கே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

போன மாதம், அதே பக்கம் ஔந்தில் இருக்கும் எங்கள் வீட்டில், மகள் பைக் வாங்க வேண்டும் என்றாள். முந்நூற்றைம்பது சி.சி. வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். கனமான, நிதானமான வண்டி. என் மனைவி பேச்சை அங்கேயே வெட்டினாள்.

"அத்தனை பெரிய இன்ஜின் எதுக்கு கண்ணு? இருநூறுக்கு மேல வேண்டாம்."

மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாளே இருநூறு சி.சி.யில் ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டாள். பந்தய வண்டி ஜாதி. எடை குறைவு, திறனோ அந்தப் பெரிய வண்டியைவிட அதிகம். "சலோ, அம்மா சொன்ன மாதிரி சின்னதுதான்! அப்பா, நீங்க எதுவும் சொல்லாதீங்க, ப்ளீஸ்," என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

நானும் சொல்ல முடியாமல்தான் தவித்தேன். அதன் காரணம் அவளுக்குத் தெரியாது. அவள் பிறப்பதற்கு முன்பு, கோவையில் என் மச்சினன் ஒரு பெரிய பைக்குக்கு ஆசைப்பட்டான். அவனுடைய அக்காவான என் மனைவி, இங்கிருந்து போனில் மன்றாடி அவனைச் சின்ன வண்டிக்குச் சம்மதிக்க வைத்தாள். அவன் எடுத்தது டூ ஸ்ட்ரோக். அதில் பிஸ்டன் மேலேறும் ஒவ்வொரு முறையும் பெட்ரோல் எரியும். மற்ற வண்டிகளில் இரண்டு முறைக்கு ஒரு தடவைதான். எடையும் இல்லாததால் தொட்டால் பாயும். அது எந்த வண்டி என்று எனக்குத் தெரிந்தபோது, வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த மழைக்காலத்தில் லாரியை முந்தப் போனவன் திரும்பவில்லை. "சின்ன வண்டியிலயே இப்படி ஆயிடுச்சே," என்று என் மனைவி அழுதாள். நம்மால் முடிந்ததைச் செய்தோம் என்ற ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மறுபடி எழுந்து நடமாடினாள்.

மகளைக் காப்பாற்ற வேண்டுமானால், சின்ன வண்டியும் பாயும் என்று சொல்லி அந்தப் பிடியை நானே பிடுங்க வேண்டும். சில நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மகள் ஷோரூமுக்குக் கிளம்பிய காலையில் அது முடியவில்லை.

மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். "சி.சி.யை மட்டும் பார்க்காதே. பெரிய குண்டாவுல ஒருக்கா சோறு வடிக்கிறதைவிட, சின்னக் குக்கர்ல நாலு தடவை வெச்சா ஜாஸ்தி வருமில்ல? இவ எடுக்கப்போற வண்டிதான் வேகம். முன்னாடி பார்த்தது சாது."

அவள் கை நின்றது. "அப்ப தம்பியோட வண்டி?"

"அது அந்தக் காலத்து வண்டி. அதுல பெருசா ஒண்ணும் சக்தி கிடையாது," என்றேன். சோதனை மேடையில் ஒரு புள்ளியைக்கூட மாற்றி எழுதாதவன் நான். எனக்கு நாக்குக் குழறியது.

அவள் என்னையே பார்த்தாள். கண் கலங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு மகளைக் கூப்பிட்டு, "முதல்ல பார்த்தியே, அந்தப் பெரிய வண்டியையே எடுத்துக்க," என்றாள். மகள் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டபின் மனைவி பேசினாள்.

"தம்பி போனதுக்கப்புறம் இத்தனை வருஷமா உங்க வேலையைப் பத்தி வீட்டுல ஒரு வார்த்தை பேசினதில்லையே. இதுக்குத்தானுங்களா?"