வரலட்சுமியம்மாள் தராத சாவி

அரக்கோணம் ரயிலில் வந்துகொண்டிருந்தபோது வரலட்சுமியம்மாளின் தம்பி போனில் அழைத்தார். “அக்கா பூட்ச்சி சார். நம்மள வுட்டுட்டு பூட்ச்சி.” நோயில் கிடந்தவர்தான், எதிர்பார்த்த செய்திதான். இருந்தும் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

கனகம்மாசத்திரம் அருகே அவருடைய மாந்தோப்பைப் பள்ளிப் பிள்ளைகளும் ஊராரும் வந்து கற்கும் வளாகமாக்க வரைபடம் போட்டவன் நான். மரங்களின் நடுவே நான் வரைந்திருந்த வகுப்புக் கொட்டகையின்மேல் விரலை வைத்து வரலட்சுமியம்மாள் கேட்டார்: “பூ வுடுற நேரத்துல பூச்சிமருந்து அடிக்கணுமே. அப்ப புள்ளைங்க எங்க சார் இருப்பாங்க?”

“லீவு நாளில் அடிப்போம்” என்றேன்.

“பூச்சி லீவு பாத்துகினா வரும்?”

எனக்குச் சுருக்கென்றது. பிடிவாதமாகக் கொட்டகையை அங்கேயே கட்டினேன்.

அடுத்த தை மாதம் பூவில் பூச்சி இறங்கியது. பிள்ளைகள் பத்து மணிக்குத்தானே வருவார்கள், விடியலில் அடித்து முடித்துவிடலாம் என்று அவரைக் கேட்காமலே என்னிடமிருந்த சாவியால் பூச்சிமருந்து அறையை ஆட்களுக்குத் திறந்துவிட்டேன். அன்று கிருத்திகை. மலைக்கோயில் கூட்டத்தில் சிக்கக்கூடாதென்று வேன்காரர் பிள்ளைகளோடு ஏழரைக்கே வந்து நின்றார். மருந்தடிக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, காற்று வாசல் பக்கம் வீசியது. ஒரு சிறுமி இறங்குவதற்கு வேன் படியில் காலை வைத்துவிட்டாள். வரலட்சுமியம்மாள் எங்கிருந்து ஓடிவந்தாரோ, அவளை அள்ளி உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தினார்.

“கண்ணாடிய ஏத்து! வண்டிய ரிவர்ஸ் எடுப்பா!”

வேன் போனபின் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னிடம் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். மருந்து படாத பாதி மரங்களில் அந்த வருடம் காய் நிற்கவில்லை. அதைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை.

கொட்டகையைப் பிரித்து, தோப்புக்கு வெளியே வேப்பமர வரிசைக்கு அப்பால் கட்ட வைத்தார். மருந்தடித்தால் வாசலில் சிவப்புத் துணி தொங்கும். அவர் அவிழ்க்கும்வரை யாரும் நுழையக்கூடாது. கடுகடுப்பானவர் என்று வளாகத்தில் எங்களில் பலர் முணுமுணுத்தோம். நான்தான் அதிகம். எத்தனை முறை கேட்டும் சாவியை மட்டும் தரவில்லை. “உங்களுக்கு இன்னும் பயம் வரல சார்” என்று எல்லார் முன்னாலும் சொல்வார். அந்தக் கோபத்தில் ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன். இன்று வெட்கமாக இருக்கிறது.

காரியம் முடிந்த அன்று தம்பி அந்தச் சாவியை என் கையில் வைத்தார். “அக்கா உங்களாண்டதான் குடுக்க சொல்லிச்சி.”

“எனக்குப் பயம் வந்துவிட்டதென்று சொன்னாரா?”

“இல்லீங்க. சாவி கைக்கு வந்தா தானா வந்துடும்னு சொல்லிச்சி.”

தோப்பு மறுபடியும் பூத்திருக்கிறது. நாளை மருந்தடிக்க வேண்டும். இன்று சாயங்காலமே சிவப்புத் துணியைக் கட்டினேன். முடிச்சு நிற்குமா என்று இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்த்தேன். அம்மா, வந்துவிட்டது. நீங்கள் விட்டுப்போனதில் இந்தப் பயத்தைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.