கராஜுக்குள் ஒரு பிரைமரி

போன ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கா எங்கள் பக்கம் வந்திருந்தது. மெல்பேர்ன் புறநகரான கிரான்பர்னில், சபா அண்ணை வீட்டு கராஜுக்குள்.

சபா அண்ணையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவர் வீட்டு ரீவியில் அமெரிக்க நியூஸ் மட்டும்தான் ஓடுகிறது. இங்கே எங்கள் விக்டோரியா மாநிலத்தில் யார் மந்திரி என்று கேட்டால் தலையைச் சொறிவார். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் யார் முன்னால் நிற்கிறார் என்று கேளுங்கள்... மாவட்ட வாரியாகச் சொல்லுவார்.

எங்கள் கோயிலில் இப்போது தலைவர் தேர்தல். இருந்தவர் போதும் என்று ஒதுங்கிவிட்டார். எல்லாம் பழைய முறைப்படி நடக்க வேண்டும் என்கிற பக்கம் ஒன்று. காலத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்கிற பக்கம் இன்னொன்று. நான் பழைய பக்கம். மாற்றச் சொல்லும் பக்கத்தில் ஒரே ஆள்தான் நிற்கிறார். ரேணுகா என்று ஒரு பல் டொக்டர். எங்கள் பக்கத்தில்? மூன்று பேர். மூன்று பேரும் விட்டுக்கொடுக்க மாட்டார்களாம்.

சபா அண்ணை எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, மூண்டு பேர் நிண்டால் வோட்டு மூண்டாப் பிரியும். அந்தப் பிள்ளை நோகாமல் வந்து கதிரையில இருக்கும். அமெரிக்காவில பழமைவாதக் கட்சிக்காரர் என்ன செய்யினம் தெரியுமே? முதல்ல தங்களுக்குள்ள அடிபட்டு ஒருத்தரைத் தெரிவு செய்யினம். பிறகு எல்லாரும் அந்த ஆளுக்குப் பின்னால நிக்கினம். அதுதான் பிரைமரி. நாங்களும் வைப்பம்."

"பிறகு எல்லாரும் நிக்கினமோ அண்ணை?" என்று கேட்டேன். எங்கள் வேர்ஹவுஸ் தேநீர் அறை ரீவியில் நானும் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். தோற்றவர்கள் மேடையில் நின்று கைதட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

"அதுக்கும் என்னட்ட ஒரு வழி இருக்கு. நீர் மனோவையும் கூட்டிக்கொண்டு வாரும். கராஜுக்குப் படி இல்லை."

படி இல்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் போனேன்.

மனோ என்னுடைய மனைவி. முதுகில் ஆப்பரேஷன் நடந்ததிலிருந்து சில்லு வைத்த சக்கர நாற்காலியில்தான் எல்லாம். எங்கள் கோயில் பழைய மண்டபம் ஒன்றை வாங்கிக் கட்டியது. வாசலில் படிகள். பின்பக்கம் ஒரு சாய்வுப் பாதை இருக்கிறது — அரிசி மூட்டை ஏற்றுவதற்கு. அது சாப்பாட்டு மண்டபத்தோடு முடிந்துவிடும். அங்கிருந்து சந்நிதிக்குப் போகத் திரும்பவும் படி. அதாவது மனோ சாப்பிடலாம், கும்பிட முடியாது. "அன்னதானத்துக்கு மட்டும் வாற ஆள் நான்" என்று தன்னையே பகிடி பண்ணுவாள்.

வெள்ளிக்கிழமைகளில் கார் பார்க்கில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காருக்குள் இருப்பாள். மணி கேட்கும். தேவாரம் பாதி கேட்கும், மீதி ரோட்டில் போகிற லொறி. பூசை முடிந்ததும் நான் திருநீறைக் கடதாசியில் மடித்துக்கொண்டு ஓடுவேன். மெல்பேர்ன் குளிரில் கண்ணாடியை ஏற்றச் சொன்னால் ஏற்ற மாட்டாள். ஏற்றினால் மணி கேட்காது.

வாசலில் ஒரு சாய்வுப் பாதை போட்டால் என்ன? கேட்டிருக்கிறார்கள், கேட்காமலில்லை. ரேணுகா கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறாள். எங்கள் பக்கத்தின் பதில் எப்போதும் ஒன்றுதான். தெருவில் உருண்ட சில்லு சந்நிதிக்குள் வரலாமா?

எனக்கு இதில்தான் வெறுத்துப் போகிறது. நானும் பழைய பக்கம்தான், திரும்பவும் சொல்கிறேன். ரேணுகா கோயிலில் பெரிய ஸ்கிரீன் வைக்கப் போகிறாளாம். அபிஷேகத்தைச் சுருக்கி, தேவாரம் முதலான பஞ்சபுராணப் பாடல்களை வேகமாக முடித்து, மிச்ச நேரத்தில் மூச்சுப் பயிற்சியாம். மூச்சு விட நான் கோயிலுக்கு ஏன் போக வேண்டும்? வீட்டிலேயே விடுகிறேனே. மனோ என்னை விட மோசம். வெள்ளிக்கிழமை விரதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட விடாதவள். ரேணுகா பெயரைச் சொன்னாலே "அந்தப் பிள்ளை தேவாரத்துக்குக் கத்தரிக்கோல் எடுக்குது" என்பாள்.

ஆக, எங்களுக்குப் பிடித்த பக்கம் மனோவை உள்ளே விடாது. உள்ளே விடும் பக்கத்தை எங்களுக்குப் பிடிக்காது. எங்கள் பக்கத்து மூன்று பேரில் ஒருவராவது "செய்கிறேன்" என்று சொன்னால் போதும், அவருக்கே வோட்டு. கார் ஓட்டிக்கொண்டே கேள்வியைத் தயார் செய்தேன்.

"நீங்கள் கேப்பியளோ?" என்றாள் மனோ.

"கேப்பன்."

"பாப்பம்" என்றாள். என்னோடு இத்தனை வருடம் வாழ்ந்தவள்.

கராஜில் புல்லு வெட்டும் மெஷினை மூலையில் தள்ளி, பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஃப்ரீசர் மேல் பட்டுத் துணி, அதன் மேல் பிள்ளையார் படம். மனோவின் நாற்காலி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. எவ்வளவு சுலபம். ஒரு கராஜுக்கு இருக்கிற மனசு...

சபா அண்ணையின் "வழி" என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. கற்பூரம்.

"யார் வெண்டாலும் கடைசித் தேர்தலில எங்கட வோட்டு அவருக்குத்தான். சத்தியம். அமெரிக்காவில இது இல்லாததாலதான் அங்க பிரச்சினை" என்றார். தட்டில் கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்தி, நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வந்தார். எழுந்து நின்று ஒவ்வொருவராகச் சுவாலைக்கு மேல் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நானும் ஒற்றினேன். பாதிச் சுற்றில் வீட்டுக்குள்ளிருந்து ஸ்மோக் அலாரம் அலறத் தொடங்கியது. சபா அண்ணையின் மனைவி துவாயை விசுக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"வீட்டை எரிச்சுப்போட்டு ஆருக்கு வோட்டுப் போடப் போறியள்?"

"இது சத்தியமப்பா. கொஞ்சம் பொறும்."

அலாரத்தை நிறுத்தும் அவசரத்தில் மீதி வட்டத்தை விறுவிறென்று முடித்தார்.

பிறகு வேட்பாளர்கள் பேசினார்கள்.

முதலில் எங்கள் பக்கத்து டொக்டர். நன்றாகப் படித்தவர், ஆகமம் எல்லாம் தெரியும். தான் வந்தால் ஜீன்ஸ் போட்டவர்கள் கோயிலுக்குள் வர முடியாது என்றார். கைதட்டல். அடுத்தது எஞ்சினியர். ஜீன்ஸ் மட்டுமில்லை, ஆண்கள் சேர்ட்டையும் கழற்ற வேண்டும் என்றார். ஜூலை மாதக் குளிரிலுமா என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டல் இன்னும் பெரிதாக. கடைசியில் குலம் அண்ணை, மளிகைக் கடை வைத்திருப்பவர். அவருடைய தடை சேர்ட், ஜீன்ஸோடு முடியாதாம். போன் கொண்டுவந்தால் வாசலில் பறிப்பாராம். கைதட்டல் கூரையில் முட்டியது.

இதைத்தான் அமெரிக்காவிலும் செய்கிறார்களோ என்னவோ. வெளியில் உள்ளவனோடு போட்டி இல்லை. பக்கத்துக் கதிரைக்காரனை விட நான் கடுமையானவன் என்று காட்டுகிற போட்டி. மூன்று பேரும் நல்ல மனிதர்கள் என்பது எனக்குத் தெரியும். டொக்டர் மனோவின் எக்ஸ்ரேயை இரவில்கூடப் பார்த்துச் சொன்னவர். எஞ்சினியர் எங்கள் குளியலறையில் கைபிடி பொருத்தித் தந்தவர். குலம் அண்ணை மனோவுக்கென்று சம்பா அரிசி எடுத்து வைப்பவர். தனியாக இருக்கும்போது தங்கம். ஒரு வட்டத்தில் உட்கார வைத்துக் கைதட்டினால் ஏன் இப்படி ஆகிவிடுகிறார்கள்?

"கேள்வி இருக்கே ஆருக்கும்?" என்றார் சபா அண்ணை.

இதோ என் நேரம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் முன்னால் வாய் வராது. எழுதத்தான் வரும். மனோ என்னைப் பார்த்தாள். நான் புல்லு வெட்டும் மெஷினைப் பார்த்தேன்.

"எனக்கு இருக்கு" என்றாள் மனோ.

எல்லாத் தலையும் கீழே திரும்பியது.

"நீங்கள் வந்தால் வாசலில சாய்வுப் பாதை போடுவியளோ? நான் உள்ளுக்கு வந்து கும்பிட. மூண்டு பேரும் சொல்லுங்கோ."

டொக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "ஆகமத்தைப் பாக்க வேணும் மனோ. ஐயர்மாரோட கதைக்க வேணும். இல்லை எண்டு சொல்லேல்லை."

எஞ்சினியர் சாய்வு எத்தனை பாகை இருக்க வேண்டும், கவுன்சில் என்ன கேட்கும், மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று விளக்கினார். அழகான விளக்கம். போடுவாரா என்பது மட்டும் அதில் இல்லை. "ஒரு கொமிற்றி போட்டுப் பாக்கலாம்" என்று முடித்தார்.

குலம் அண்ணை நெஞ்சில் கை வைத்து எழுந்தார். "தங்கச்சி, உமக்கு என்னத்துக்குச் சாய்வுப் பாதை? நாலு பேர் தோள் குடுத்து, சுவாமி தூக்கிற மாதிரி உம்மைத் தூக்கிக்கொண்டு போவம்!"

கராஜ் அதிர்ந்தது. ஒருவர் எழுந்து நின்றே தட்டினார்.

மனோ சத்தம் அடங்கும் வரை இருந்தாள்.

"சுவாமியைத் தூக்க ஆளில்லாமல்தானே அண்ணை போன திருவிழாவுக்கு வாகனத்துக்குச் சில்லுப் பூட்டினியள்? எல்லாருக்கும் நாரி நோ, இடுப்பு நோ எண்டு. அந்தச் சில்லு கார் பார்க்கைச் சுத்திப்போட்டு உள்ளுக்குத்தானே போனது? கழுவிப்போட்டு விட்டனீங்கள். என்ரையையும் கழுவித் தாறன்."

ஃப்ரீசர் உறுமுவது கேட்டது.

பிறகு குலம் அண்ணைதான் முதலில் சிரித்தார். "தங்கச்சிக்கு வாய் குறையேல்லை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக, இந்த முறை தேர்த்திருவிழாச் சாப்பாடு முழுவதும் தன் செலவு என்று அறிவித்தார். திரும்பவும் கைதட்டல். கேள்வி? அது அங்கேயே, புல்லு வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

கை உயர்த்தி வோட்டு. நான் எஞ்சினியருக்கு உயர்த்தினேன், பாகையாவது சொன்னாரே என்று. என் கை தோளுக்கு மேலே போனதாகச் சரித்திரம் இல்லை. சபா அண்ணை எண்ணினாரோ தெரியாது. மனோ ஒருவருக்கும் உயர்த்தவில்லை. கோபம் என்று நினைத்தேன். குலம் அண்ணை வென்றார். தோற்ற இருவரும் அவரைக் கட்டிப்பிடித்தார்கள், முகம் ரீவியில் பார்த்த மாதிரியே.

திரும்பும்போது காருக்குள் நான்தான் தொடங்கினேன்.

"என்ன செய்யிறது மனோ. சத்தியம் பண்ணிப் போட்டம். இனிக் குலம் அண்ணைக்குத்தான் போட வேணும்."

"நீங்கள் பண்ணினனீங்கள். நான் பண்ணேல்லை."

"என்ன விசர்க் கதை. தட்டு எல்லாருக்கும்தானே வந்தது?"

"எனக்கு மேலால போனது. கை நீட்டினன், எட்டேல்லை. அண்ணை குனியேல்லை."

சிவப்பு விளக்கில் நின்றேன். அந்த வட்டத்தை மனதில் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அலாரம், துவாய், விறுவிறென்று நடந்த சபா அண்ணை. உண்மைதான். பக்கத்தில் நின்ற நானே கவனிக்கவில்லை.

"அதாலதான் கையும் உயத்தேல்லை. சத்தியம் பண்ணாமல் வோட்டுப் போட்டால் பிழை" என்றாள். அவள் அப்படித்தான். எங்கள் பக்கத்திலேயே அவளைவிடப் பழைய முறைக்காரர் கிடையாது.

"அப்ப ரேணுகாவுக்கோ போடப் போறீர்? அந்தப் பிள்ளை தேவாரத்தைச் சுருக்கப் போகுது."

"சுருக்கட்டும் பாப்பம். முன்னுக்கு இருந்து முழுசாப் பாடுவன். நிப்பாட்டச் சொன்னால் சண்டை பிடிப்பன்." கண்ணாடியை ஏற்றினாள். "கார் பார்க்கில இருந்துகொண்டு ஆரோட சண்டை பிடிக்கிறது?"

பழையதைக் காப்பாற்ற வேண்டும் என்று இத்தனை பேர் கூடினோம். அதைக் காப்பாற்றக்கூடிய ஆளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் கூடினோம்.

என் கை கற்பூரத்துக்குக் கட்டுப்பட்டது. குலம் அண்ணைக்குத்தான் போடுவேன். என் வீட்டு மற்ற வோட்டு அதை அழித்துவிடும். போகட்டும்.

சபா அண்ணை இந்தப் பத்தியை வாரம் தவறாமல் வாசிக்கிறவர். அண்ணை, அடுத்த பிரைமரிக்குத் தட்டைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.