மருந்தடிக்கிற நாளில் மதலேனம்மாள்

எங்கள் ஏலத்தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் மதலேனம்மாளிடம் அடியோ ஏச்சோ வாங்காதவர்கள் கிடையாது. நானே ஒருமுறை குழாயடியில் அவள் குடத்தால் மண்டையில் வாங்கியிருக்கிறேன். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்களே, அவளே மஞ்சள் அரைத்துப் பூசியும் விட்டாள். கட்டினவன் பெல்ட்டைக் கழற்றிய அன்று உலக்கையால் அவன் மணிக்கட்டை உடைத்துத் துரத்தியவள் அவள். வயிற்றில் இருந்தது கலைந்துபோனதற்காகத்தான் அந்த நாய் பெல்ட்டைக் கழற்றியது.

அது கலைந்தது ஏலக்காட்டில். மூன்று மாதம் தாண்டாமல் பிள்ளை உண்டானதை எங்கள் ஆட்கள் வெளியே சொல்லமாட்டார்கள், கண்பட்டுவிடுமாம். சொல்லாததால் சூப்பர்வைசருக்குத் தெரியாது. அவரும் மருந்தடிக்கிற நாளில் ஓஸ் இழுக்க அனுப்பிவிடுவார். செடிகளுக்குள் பூச்சிமருந்து பனிபோல நிற்கும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்தக் கனத்த குழாயை நாள் முழுக்க இழுக்கவேண்டும். மதலேனம்மாளும் வாயை மூடிக்கொண்டு இழுத்தாள். செடிக்கு நடுவிலேயே ரத்தம் போயிற்று.

இந்த வருடம் அவள் தம்பி பாஸ்கலின் பெண்டாட்டி ஜிஸ்மி முழுகாமல் இருந்தாள். பக்கத்து அறைதான். காலையில் வாந்தியெடுக்கும் சத்தம் சுவர்வழியாகக் கேட்டதும் மதலேனம்மாள் அங்கே போய் நின்றாள்.

“வீடு வீடா வர்ற சுகாதாரக்காரி, ஆஷா ஷிஜிகிட்டச் சொல்லி மாத்திரை வாங்கித் தின்னுட்டி. மருந்தடிக்கிற பக்கம் போவாத.”

“மூணு மாசம் ஆவட்டும் மதினி. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டாவ ஒங்க தம்பி.”

அடுத்த மருந்தடியில் சூப்பர்வைசர் ஜிபி ஓஸ் இழுக்க ஜிஸ்மியைக் கூப்பிட்டான். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். அதைச் சொல்லக்கூடாது. அவள் போய்விட்டாள். பம்பு பக்கத்தில் நின்ற பாஸ்கல் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

நாங்கள் மேலே களை வெட்டிக்கொண்டிருந்தோம். தூரத்துச் சரிவில் ஜிஸ்மி ஓஸைப் போட்டுவிட்டுக் குனிந்து ஓங்கரித்தாள். மதலேனம்மாள் வெட்டுக்கத்தியோடு பம்படிக்கு இறங்கி, ஓஸை ஒரே வெட்டாக வெட்டினாள். அறுந்த குழாய் துள்ளித் துள்ளி ஜிபி மேலும் பாஸ்கல் மேலும் மருந்தைக் கக்கியது. ஜிபி அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். கத்திப்பிடியால் அவன் முகத்தில் ஒன்று போட்டாள். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். பாஸ்கல் ஓடிவந்து அக்காவின் வாயிலேயே குத்தினான்.

கிழிந்த உதட்டோடு எழுந்து, காடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: “அவ வயித்துல புள்ள இருக்கு. எல்லாரும் நல்லாக் கேட்டுக்கிடுங்க.”

பாஸ்கல் அவளைக் கீழே தள்ளி மிதித்தான். நாங்கள் களைக்கொத்தோடு இறங்கிவந்து சுற்றி நின்றபிறகுதான் காலை எடுத்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் முழுசாக வீடுபோய்ச் சேர்ந்தது பெரிய விஷயம்.

மதலேனம்மாளுக்கு வேலை போயிற்று, உதட்டில் தையலும் விழுந்தது. ஜிஸ்மியை யாரும் ஓஸ் இழுக்கக் கூப்பிடவில்லை. ஷிஜி வந்து போலிக் ஆசிட் மாத்திரை கொடுத்து, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி, மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு வரவும் சொன்னாள். ஆனால் ஜிஸ்மி வாசலில் நின்று, “கண்ணு பட்டு எதாச்சும் ஆச்சுன்னா ஒங்களாலதான் மதினி” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அன்றுதான் மதலேனம்மாள் அழுது பார்த்தேன்.

இன்னும் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. சாயங்காலம் சாப்பிட்டானதும் மதலேனம்மாள் நடுச்சுவரில் விரலால் தட்டுவாள். கொஞ்சம் பொறுத்து, மாத்திரையை விழுங்கிவிட்டு ஜிஸ்மியும் அந்தப் பக்கமிருந்து தட்டுவாள். பாஸ்கலின் சத்தம் உயர்கிற நாளில் மட்டும் இவள் உலக்கையால் தட்டுவாள்.