தாண்டிப் போன ஒன்றரைப் பக்கம்

என் மகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வரிசை வீடுகளில் வளர்கிற பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான். வீட்டில் மலையாளம் கலந்த தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளமும் ஆங்கிலமும். அவள் பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம், எனக்கு உயிரான ஒரு பழைய தமிழ் நாவலை அவளுக்கு வாசித்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். அவளுக்குப் பள்ளி அக்கரையில், எர்ணாகுளத்தில். எனக்கும் அங்கேதான் ஒரு தையல் கடையில் வேலை. காலையில் இருவரும் ஒரே படகில் போவோம். அந்த நேரம் போதும் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டில் இருக்கிற என் நாத்தனாருக்கு இது பிடிக்கவில்லை.

"எதுக்கு இப்போ அவளுக்குத் தமிழ்? போட்ல உக்காந்து சத்தமாப் படிச்சா நாம யாருன்னு எல்லாருக்கும் மனசிலாயிரும்" என்றாள்.

அவள் பயம் சும்மா வந்ததல்ல. என் கணவரின் தாத்தா நகரசபையில் தெருக் கூட்ட வந்தவர். மாமனாரும் அதே வேலைதான் பார்த்தார். இந்தப் பகுதியில் தமிழ் பேசினால், நீங்கள் கூட்டுகிறவர்களா என்று சிலர் முகத்தைப் பார்த்தே கேட்டுவிடுவார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் ஆட்களை வரவேற்கிற இடத்தில் வேலை பார்க்கும் நாத்தனார், அங்கே தமிழ் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாள்.

"மனசிலாகட்டும் அண்ணி, தெரிஞ்சா என்ன?" என்றேன்.

முதல் நாள் படகில் மகள் என் முழங்கையை இடித்தாள். "அம்மா, மெல்லப் படி." நான் குரலைக் குறைக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி, இது என்ன தமிழ்நாட்டுப் படகா என்று மலையாளத்தில் கேட்டார். நானும் டிக்கெட் வாங்கித்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று மலையாளத்திலேயே சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். மகள் கரை சேரும் வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் இறங்கி நடக்கும்போது கேட்டாள்: "விட்டுட்டுப் போன அந்தப் புருஷன் பின்னே திரும்பி வந்தானா?"

கதை அவளைப் பிடித்துவிட்டது. கணவன் விட்டுப் போன ஒரு பெண், ஊரே எதிர்த்து நின்றும் தனியாக ஒரு அச்சகம் நடத்துகிற கதை அது. சொந்தக்காரர்கள் வந்து மிரட்டுவார்கள், அழுவார்கள், காலில்கூட விழுவார்கள். அவள் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்வாள்: மாட்டேன். பாலக்காட்டு எல்லையில் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் நான். பதினேழு வயதில் அந்த நாவலை நூலகத்திலிருந்து எடுத்து நான்கு முறை வாசித்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பிரதி வாங்கினேன்.

பதினோராவது அத்தியாயத்தில் ஓர் இடம் வரும் என்று எனக்குத் தெரியும். அன்று காலை அந்த இடம் வந்ததும் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டி, அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன்.

"நூத்திப் பதினொண்ணு கழிஞ்சு நூத்திப் பதினாலா?" என்றாள் மகள். "நம்பர் எனக்குப் படிக்கத் தெரியும் அம்மா."

"தாள் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றேன்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அன்று முதல் செல்போனில் தமிழ் எழுத்துகளை வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். மலையாளம் தெரிந்தவளுக்கு அது பெரிய கஷ்டமில்லை. ஒரே 'க'வை வைத்துக்கொண்டு இத்தனை சத்தத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று மட்டும் சலித்துக்கொண்டாள். தமிழ் கற்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. எதற்காகக் கற்கிறாள் என்று யோசிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மத்தி மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். புத்தகத்தோடு வந்து சமையலறை வாசலில் நின்றாள். நான் தாண்டிய இடத்தைத் திக்கித் திக்கி, எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

அச்சகக்காரியின் வீட்டுக் கொல்லைக்குக் கூட்டுகிற பெண் ஒருத்தி வருகிறாள். கதாநாயகி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, எட்ட நின்று அவளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். இப்படிப்பட்டவர்களுக்கு நாற்றமும் தெரியாது, வெட்கமும் தெரியாது, துக்கமும் இரண்டு நாளைக்குத்தான் என்று ஆசிரியர் எழுதிக்கொண்டே போகிறார். ஒன்றரைப் பக்கம்.

"இது அம்மாச்சி மாதிரி ஆளுங்களப் பத்தித்தானே?" என்று கேட்டாள். அம்மாச்சி என்பது என் அம்மா. எங்கள் ஊர் நகராட்சியில் துப்புரவுப் பணியாளராக இருந்தவள்.

"ஆமா."

"நீ சின்னதா இருக்கும்போ படிச்சப்ப உனக்குத் தேஷ்யம் வரல்லியா?"

"வேகமாத் தாண்டிட்டேன்."

"இப்பவும் தாண்டற."

கையெல்லாம் மீன் செதில். முகத்தைத் துடைக்கவும் முடியவில்லை. அவளுடைய கோபம் நியாயமானது. எனக்கு வந்திருக்க வேண்டிய கோபம் அது, இத்தனை வருஷம் கழித்து அவளுக்கு வந்திருக்கிறது.

"இத எடைக்குப் போட்டுரு" என்றாள்.

"மாட்டேன்."

அப்போதுதான் அவளுக்கு அதைச் சொன்னேன். என் அம்மா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனாள். அந்த வேலையை எனக்குத் தருவதாக நகராட்சியிலிருந்து வீட்டுக்கே வந்து சொன்னார்கள். சொந்தம் மொத்தமும் சம்மதம் சொல்லிவிட்டது, எனக்கும் சேர்த்து. நான் எழுந்து நின்று மாட்டேன் என்றேன். தையல் கற்றேன். ஆறு மாதம் என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"மாட்டேன்னு சொல்ல இந்தப் பொம்பளகிட்டதான் படிச்சேன்" என்றேன்.

"அவதான் நம்மளக் கொல்லையில நிறுத்தறாளே."

"நிறுத்தட்டும். அவகிட்டக் கேட்டுட்டா நான் உள்ள போனேன்?"

கூட்டுகிறவளின் மகள் இதை வாசிப்பாள் என்று எழுதியவர் நினைத்திருக்க மாட்டார். நினைத்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பாரோ என்னவோ. அவர் யாருக்காக எழுதினாரோ அவர்களைவிட எனக்குத்தான் அந்தப் புத்தகம் அதிகம் உதவியது. அதை நான் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.

மூன்று நாள் படகில் வாசிப்பு நடக்கவில்லை. நான்காம் நாள் அவளே என் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். "ஒண்ணும் விடாமப் படிக்கணும். எப்பவும் படிக்கற சத்தத்துல படிக்கணும்."

அன்று நாத்தனாரும் அதே படகில், எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தாள். நான் வாசித்தேன். பாதியில் நாத்தனார் எழுந்து படகின் முன்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். "அத்தன பேர் முன்னாடி அதப் படிக்கணுமா?"

நான் வாய் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "எழுதினவருக்குத்தானே அத்தை நாணக்கேடு. நமக்கு என்ன?"

நாத்தனார் அப்படியே திரும்பிப் போனாள். ஒரு மாதம் எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. நானும் போய்ச் சமாதானம் பேசவில்லை.

ஐப்பசியில் துலாமழை தொடங்கிய வாரத்தில் நாவலை முடித்தோம். கடைசி அத்தியாயத்தில் எனக்கு எப்போதும் போல அழுகை வந்தது. மகளுக்கு வரவில்லை. "ஆளு தைரியக்காரிதான். ஆனா எனக்கு ஃப்ரெண்ட் ஆக முடியாது" என்றாள். அந்த ஒன்றரைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் மலையாளத்தில் ஏதோ எழுதி வைத்திருக்கிறாள். எனக்கு மலையாளம் வாசிக்க நேரம் பிடிக்கும், ஆனாலும் வாசித்தேன். எழுதியவரைப் பார்த்து நான்கு கேள்விகள். நான் அழிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் சாயங்காலப் படகில், வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது என்றாள். இவள் அந்த நாவலைப் பற்றிப் பேசியிருக்கிறாள். அந்தப் பகுதியைத் தமிழில் வாசித்து, மலையாளத்தில் அர்த்தம் சொல்லி, என் அம்மாச்சி இந்த வேலை பார்த்தவள் என்றும் சொல்லியிருக்கிறாள்.

படகில் முகம் தெரியாதவர்கள் முன்னால் வாசிப்பது வேறு, தினமும் பக்கத்தில் உட்கார்கிற பிள்ளைகள் முன்னால் சொல்வது வேறு. அந்த வயதில் என்னால் முடிந்திருக்காது.

"யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா?"

"ரெண்டு பேரு சிரிச்சாங்க" என்றாள். "சிரிச்சு முடியற வரைக்கும் நின்னேன். அப்புறம் மிச்சத்தப் படிச்சேன்."