மக்காச்சோளம் விளைந்த ஏரி

என் தங்கை போராடி ஜெயித்தவை மூன்று. புருஷன் வீட்டார் "வெறும் பாறை" என்று அவள் தலையில் கட்டிய ஒன்றே முக்கால் ஏக்கர் நிலம். அந்தப் பாறையைப் பிளந்து அவள் எடுத்த நாற்பத்திரண்டு அடிக் கிணறு. அரசாங்க வரைபடத்திலிருந்து அழிக்கப்பட்ட ஓர் ஏரி.

மூன்றாவதைச் சற்று விளக்க வேண்டும். இருபத்து நான்கு வருஷத்துக்கு முன் நிலத்தை அளக்க வந்த சர்வேயர் அடைமழையில் வந்தார். வயலில் முழங்கால் அளவு தண்ணீர். அவர் பூட்ஸ் புதிது. மேட்டில் நின்றபடியே வரைபடத்தில் நீலம் தீட்டி, அடியில் தங்கையிடம் கைநாட்டும் வாங்கிக்கொண்டு போனார். அன்றுமுதல் அவள் ஏரிக்குள்தான் மக்காச்சோளம் போட்டு வந்தாள். அவளுக்குத்தான் தெரியாது.

பாட்டில் தண்ணீர் கம்பெனி ஒன்று 'அந்த ஏரி'யில் தண்ணீர் எடுக்க அனுமதி கேட்டபோதுதான் தெரிந்தது. ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் கெடு. தங்கையும் நானும் நில அலுவலகம் போனோம்.

"நீங்க மீன் பிடிக்கிறவங்களா?" என்றார் கிளார்க்.

"இல்லீங்க, மக்காச்சோளம்."

"அப்ப ஏரியைப் பத்தி நீங்க எப்படிம்மா பேச முடியும்?"

"ஏரி இருந்தா மீனே பிடிச்சிருப்பேனே! நேர்ல வந்து பாருங்க. படகு மட்டும் நீங்க கொண்டு வந்துடுங்க."

படகில்லாமல் அதிகாரி வந்தார். நல்ல வெயில். ஆளுயரப் பயிருக்கு நடுவே நின்று நெற்றியைத் துடைத்தார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?"

"ஏரி நடுவுல நிக்கறீங்க சார். குனிஞ்சு அள்ளிக்குங்க."

பிறகு கிணற்றில் இறைத்துக் கொடுத்தாள். இரண்டு சொம்பு குடித்துவிட்டு, "ஏரி இல்லைன்னு எழுதச் சொல்லிடறேன்" என்று போனார்.

இருபத்தோராம் நாள் கிளார்க் தாளை நீட்டினார். நான் வரி விடாமல் படித்து, "சரியா இருக்கும்மா" என்றேன். மைப்பெட்டி முன்னால் வந்தது. தங்கை கையை இழுத்துக்கொண்டாள்.

"போதும்ணே. கைநாட்டு வெச்சுத்தான் இத்தனை வருஷம் தண்ணிக்குள்ள கிடந்தேன். படிக்கத் தெரிஞ்சுக்கிட்டு வர்றேன்."

"அதுக்குள்ள ஏரியே ரொம்பிடும்" என்று கிளார்க் சிரித்தார்.

ஒன்பது நாள். அவள் மகள் வாத்தியார், மக்காச்சோள மூட்டை மேஜை. 'ஏரி', 'இல்லை', பிறகு அவள் பேர். அவ்வளவுதான் பாடம்.

கெடுவின் கடைசி நாள் தாளில் விரல் வைத்து மெதுவாகத் தேடினாள்.

"ஏரி... இல்லை. நடுவுல நீட்டமா என்னமோ கிடக்குதே, அது என்ன சார்?"

"'தற்காலிகமாக'. சும்மா, எழுத்துக்கு ஒரு அழகு."

"அழகெல்லாம் என் நிலத்துக்கு வேணாம். எடுத்துடுங்க."

அந்தச் சொல்லை நானும் முன்பே படித்திருந்தேன். எழுத்துப் பிழை இல்லாததால் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

கிளார்க் வேறு தாள் அடித்துக் கொண்டுவந்தார். அவள் மறுபடி விரல் வைத்துப் பார்த்தாள். இரண்டு சொல்லும் ஒட்டி நின்றன. பேனாவை வாங்கினாள். தன் பேரை எழுதி முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. அன்று 2011 மார்ச் 17, வியாழக்கிழமை.