செத்ததெல்லாம் எங்கே?

நஜியா பதினோரு வருடம் மொனஸ்தீர் நகரத்தில் ஒரு ஜீன்ஸ் ஆலையில் இருந்தவள். தையல் பிசகிய உருப்படியைக் கண்டுபிடித்துத் தள்ளிவிடுவதுதான் வேலை. ஆலையை மூடியதும் பல்கலைக்கழகத்துப் புழு ஆய்வகத்தில் சேர்ந்தாள். இங்கே எல்லாம் தலைகீழ். பிசகியதைத்தான் கண்ணும் கருத்துமாக வளர்க்க வேண்டும்.

புழு ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் நீளம், நூல் பிசிறு மாதிரி. நுண்ணோக்கியில் பார்த்து, பிளாட்டினக் கம்பி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து, தீனிக் கூழ் உறைந்த புதுத் தட்டில் விடுவாள். அவள் கைக்கு அதில் ஈடு கிடையாது.

ஆய்வகத் தலைவி டாக்டர் விதாத் பதினைந்து மாதம் மல்லுக்கட்டி ஒரு மரபணுவை வெட்டியிருந்தார். அது இல்லாமல் புழு உயிர் வாழாது. எப்படிச் சாகிறது என்று பார்த்தால்தான் அது என்ன வேலை செய்கிறது என்று புரியும். புழுவிடம் எந்த மரபணுவும் இரண்டு பிரதி. வெட்டாத பிரதியோடு பச்சை ஒளியைச் சேர்த்திருந்தார்கள். இரண்டும் முழுசாக இருந்தால் புழு பளிச்சென்று ஒளிரும். ஒன்று வெட்டுப்பட்டிருந்தால் மங்கல். இரண்டும் வெட்டுப்பட்டால் ஒளியே இராது, குஞ்சிலேயே செத்துவிடும். இந்தப் புழுவுக்கு ஆண் துணை தேவையில்லை, தானே கருவுற்று முட்டையிடும்; மங்கலான தாய்க்கு நாலில் ஒரு குஞ்சு அப்படிச் சாகும். வாராவாரம் அந்த மங்கலானதை எடுத்து வளர்த்தால்தான் வெட்டு நிலைக்கும்.

மகள் கல்யாணத்துக்கு நஜியா பத்து நாள் லீவு கேட்டாள்.

"நான் பாத்துக்கறேன். படிக்கிற காலத்துல லட்சம் புழு மாத்தியிருக்கேன். நீ கல்யாணத்தைப் பாரு," என்றார் விதாத்.

புதன்கிழமை காலை பாதாம் இனிப்புப் பெட்டியோடு திரும்பி வந்தவளைக் கையைப் பிடித்து விதாத் இழுத்துப் போனார்.

"உன் கையில நோஞ்சானா கிடந்துச்சு. இப்ப பாரு, எப்படி மதமதன்னு வளந்திருக்கு!"

நஜியா ஐந்து தட்டுகளையும் பார்த்தாள்.

"செத்ததெல்லாம் எங்க, டாக்டரம்மா?"

"ஒண்ணுகூடச் சாகலையே!"

பெருமையாகச் சொல்லி முடிப்பதற்குள் விதாத்தின் முகம் வெளுத்துவிட்டது. அவசரத்துக்கென்று உறையவைத்துச் சேமித்த புழுவும் இல்லை. வாங்கிய குளிர்பெட்டி நாலு மாதமாகத் துறைமுகத்திலேயே கிடந்தது.

"பளிச்சுன்னு இருந்ததா பாத்துப் பாத்து எடுத்தேன், நஜியா..."

"அழகைப் பாத்து மருமக எடுக்கிற மாதிரி எடுத்திருக்கீங்க."

மேலதிகாரியிடம் அப்படிப் பேசலாமா என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. அத்தனை கோபம். "என் பிஸ்கட் டப்பா எங்க?" என்றாள்.

மாற்றி முடித்த பழைய தட்டுகளை எறிய மனம் வராமல் அந்த டப்பாவில் சேர்த்து வைப்பாள். ஆய்வகமே அதைக் கேலி செய்யும்.

"காஞ்சு கிடந்துச்சேன்னு நேத்துத்தான் குப்பைப் பையில போட்டேன்."

குப்பையை வியாழக்கிழமைதான் நீராவியில் வேகவைத்து அழிப்பார்கள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பையைக் கொட்டித் தேடினார்கள். லீவுக்கு முந்தின நாள் தேதியைத் தன் கையெழுத்தில் பார்த்ததும் நஜியாவுக்கு மூச்சு வந்தது. பட்டினி கிடந்தால் இந்தப் புழுக்கள் வளர்வதை நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். காய்ந்த கூழில் ஒரு துண்டு வெட்டித் தீனி உள்ள தட்டில் வைத்தாள். ஊர்ந்து வந்தவற்றில் மங்கலாக ஒளிர்ந்தவை ஆறு. அது வெட்டின் மங்கலா, பட்டினியின் சோர்வா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. முட்டையிடட்டும் என்று தனித்தனியே விட்டாள்.

அந்த வாரம் முழுக்க விதாத் அவளிடம் சரியாகப் பேசவில்லை. இனிப்புப் பெட்டியை யாரும் பிரிக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை நஜியா நுண்ணோக்கியில் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. விதாத் பின்னால் வந்து நின்றார்.

"சொல்லித் தொலை, நஜியா."

"செத்திருக்கு, டாக்டரம்மா. நாலுக்கு ஒண்ணு, கணக்கா செத்திருக்கு!"

விதாத் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நஜியா மகளின் கல்யாண இனிப்புப் பெட்டியைப் பிரித்து, முதல் துண்டை அவள் வாயில் திணித்தார்.